மாசி பங்குனியில் ஏரிக்கரை: பறவை பார்க்க ஒரு சனி ஞாயிறு

பிப்ரவரி கடைசியில் தொடங்கி மார்ச் முடியும் வரை தமிழ்நாட்டுச் சமவெளி ஏரிகளில் மூன்று காரியங்கள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய தண்ணீர் வடிந்து ஓரங்களில் சேறு தலைகாட்டுகிறது. குளிருக்கு வந்த வலசைப் பறவைகள் திரும்பிப் போகுமுன் இனப்பெருக்கக் கால இறகுக்கு மாறுகின்றன. உள்ளூர்ப் பறவைகள் பாடவும் கூடு கட்டவும் ஆரம்பிக்கின்றன. டிசம்பரில் தண்ணீர் தளும்பி நிற்கும்போது வாத்துகள் நட்ட நடுவில் புள்ளிகளாகத்தான் தெரியும். சேற்றில் மேயும் சிறு பறவைகளான உள்ளான்களுக்கு நிற்கவே இடமிருக்காது. ஏப்ரல் பாதிக்குள் வலசை வந்தவை பெரும்பாலும் கிளம்பிவிட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள இந்த நான்கைந்து வாரங்களில் வரும் எந்த சனி ஞாயிறும் வீண் போகாது.

ஆனால் ஒரு நிபந்தனை: இடத்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். சனி காலை ஒரு சரணாலயம், மாலை இன்னொன்று, ஞாயிறு மூன்றாவது என்று திட்டம் போட்டால் பறவை பார்க்க உகந்த நேரமெல்லாம் வண்டியிலேயே கழிந்துவிடும். ஒரே ஏரியை மூன்று வேளை பாருங்கள். பக்கத்தில் மரமும் புதரும் உள்ள ஓர் இடத்தை ஒரு வேளை பாருங்கள். முதல் வேளையில் பெயர் தெரியாமல் விட்ட பறவை இரண்டாவது வேளையில் வேறு வெளிச்சத்தில் நிற்கும், மூன்றாவது வேளையில் அது பழகிய முகமாகிவிடும்.

எந்த ஏரி?

பெயர்பெற்ற இடங்களுக்குத் தமிழ்நாட்டில் குறைவில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் வேடந்தாங்கலும் கரிக்கிலியும், சென்னைக்குள்ளேயே பள்ளிக்கரணை, அரியலூரில் கரைவெட்டி, திருவாரூரில் வடுவூர், ஈரோட்டில் வெள்ளோடு, திருநெல்வேலியில் கூந்தன்குளம், நாகப்பட்டினத்தில் கோடியக்கரை. இவை எல்லாமே உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் உள்ளவை. சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் கூட்டில் இருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் வேடந்தாங்கல் அல்லது கூந்தன்குளம் போகலாம். குஞ்சுகள் பெரிதாகி, இரைக்காக அடிக்கும் கூச்சல் தூரத்திலேயே கேட்கும் காலம் இது. ஆனால் அங்கே குறிப்பிட்ட பாதையில், குறிப்பிட்ட தூரத்தில்தான் நிற்க முடியும். கற்றுக்கொள்வதற்கு உங்கள் ஊரைச் சுற்றியுள்ள சாதாரணப் பாசன ஏரியே மேல்.

தேர்ந்தெடுக்க மூன்றைப் பாருங்கள்: பாதித் தண்ணீர், அகலமான சேற்று விளிம்பு, நடக்கத் தோதான கரை. செயற்கைக்கோள் வரைபடத்தில் ஏரி நீலமாகத் தெரிந்தால் அந்தப் படம் எந்த மாதம் எடுத்தது என்று பார்த்துவிட்டு நம்புங்கள். மழைக்காலப் படத்தை நம்பிப் போனால் கட்டாந்தரைதான் காத்திருக்கும். பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியல்களைப் பதியும் இபேர்ட் (eBird) இணையதளத்தில் அந்த ஏரியின் ஹாட்ஸ்பாட் பக்கத்தை, அதாவது அந்த இடத்துக்கான பொதுப் பக்கத்தை, திறந்தால் கடந்த சில வாரங்களில் யார் எதைப் பார்த்தார்கள் என்று தெரியும். வாத்துகளின் பெயரோடு உள்ளான்களின் பெயரும் வரிசையாக வந்தால் ஏரி சரியான பதத்தில் இருக்கிறது. வாத்து மட்டும் என்றால் தண்ணீர் இன்னும் அதிகம். ஆள்காட்டியும் உண்ணிக்கொக்கும் மட்டும் என்றால் வற்றிவிட்டது.

அடுத்தது வெளிச்சம். நம் சமவெளி கிழக்கே சரிவதால் பல ஏரிகளுக்குக் கரை கிழக்குப் பக்கம்தான் இருக்கிறது. காலையில் கரைமேல் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பறவையின் ஒவ்வொரு நிறமும் தெரியும். அதே கரையில் மாலை நின்றால் எல்லாமே கரிய நிழல். எனவே காலை கரையில், மாலை ஏரியின் உள்வாய்ப் பக்கத்தில், அதாவது கரைக்கு எதிரே உள்ள மேட்டுப் பக்கத்தில். உங்கள் ஏரிக்கு கரை வேறு திசையில் இருந்தால் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்; சூரியன் முதுகில் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் மாற்றமில்லை.

பைனாகுலரைச் சரிசெய்தல்

8x42 அளவுதான் ஏரிக்கும் காட்டுக்கும் பொதுவாகப் பொருந்துவது. எட்டு என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன் வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். 42ஐ எட்டால் வகுத்தால் 5.25. கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. சட்டைப்பையில் அடங்கும் 8x25இல் அது 3 மி.மீ. சொச்சம்தான். நடுப்பகலில் வித்தியாசம் தெரியாது. விடிகாலையில், கண்மணி விரிந்திருக்கும் நேரத்தில், சின்னது இருட்டாகத் தெரியும். பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று ஆசைப்பட வேண்டாம். கை நடுக்கமும் அதே மடங்கு பெருகும், பார்வைப் பரப்பும் சுருங்கும்.

நிறையப் பேர் வாங்கிய நாளிலிருந்து சரியாக அமைக்காமலேயே பார்க்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை மாடியில் நின்று பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். முதலில் இரண்டு குழல்களையும் மடக்கி விரித்து, இரு வட்டங்களும் ஒரே வட்டமாகத் தெரியும்படி வையுங்கள். கண்ணாடி அணிபவர்கள் கண்பக்க ரப்பர் வளையத்தை உள்ளே இறக்கிவிட வேண்டும். அணியாதவர்கள் முழுக்க வெளியே இழுக்க வேண்டும். இது மாறினால் ஓரத்தில் கருநிழல் அலையும். பிறகு தூரத்தில் எழுத்துள்ள பலகை ஒன்றைப் பாருங்கள். வலது முன் வில்லையைக் கையால் மூடி, இடக்கண்ணால் பார்த்தபடி நடுச்சக்கரத்தைத் திருகித் தெளிவாக்குங்கள். இப்போது இடது வில்லையை மூடுங்கள். நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண்பக்கத்தில் இருக்கும் சிறு வளையத்தை மட்டும் திருகி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். அந்த வளையம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பைக்குள் உரசி நகர்ந்துவிடும். இதைச் செய்யாவிட்டால் ஒரு கண் தெளிவாகவும் ஒரு கண் மங்கலாகவும் பார்த்து அரை மணி நேரத்தில் தலைவலி வரும். இவ்வளவும் செய்த பிறகும் பிம்பம் இரண்டாகத் தெரிந்தால் கருவி எங்கோ விழுந்து உள்ளே கோணியிருக்கிறது. பழுது பார்ப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

பறவையை வில்லைக்குள் கொண்டுவருவதற்கு ஒரே வழி: பறவையின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் கருவியைக் கண்ணுக்கு உயர்த்துவது. குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை தொலைந்துபோகும். மொட்டைமாடியில் காகத்தை வைத்து இருபது முறை பழகுங்கள்.

குளிரூட்டிய காரிலிருந்து ஏரிக்கரை ஈரக்காற்றுக்குக் கருவியை எடுத்ததும் வில்லை பனித்துப்போகும். துடைக்காதீர்கள், மறுபடியும் படியும். போய்ச் சேர்வதற்குக் கால் மணி முன்னாலேயே குளிரூட்டியை அணைத்துச் சன்னலை இறக்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. தூசி படிந்தால் முதலில் ஊதுங்கள், அப்புறம் மென்துணி. மணல் துகளோடு சட்டை நுனியால் தேய்த்தால் கீறல் விழும்.

மற்றதெல்லாம் சுருக்கம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, சின்ன நோட்டு, பென்சில் (ஈரத்தில் பேனா எழுதாது), மண் நிறத்திலோ மங்கிய பச்சையிலோ சட்டை. வெள்ளைச் சட்டை வேண்டாம். மாடு மேயும் இடத்தில் உண்ணி இருக்கும். கால்சட்டையின் அடியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள்.

சனி காலை: கரைமேல்

இந்த மாதங்களில் சூரிய உதயம் பிப்ரவரிக் கடைசியில் ஆறரை மணியை ஒட்டியும் மார்ச் கடைசியில் ஆறே காலுக்குச் சற்று முன்னும் இருக்கும். ஆறு மணிக்குக் கரையில் இருக்க வேண்டும். எட்டு மணிக்கு வந்து இறங்குபவர்கள் ஏரியின் நல்ல பாதியைத் தவறவிட்டுவிடுகிறார்கள். இரவு அடைந்த கொக்குகளும் அரிவாள் மூக்கன்களும் இரை தேடக் கிளம்புவது அந்த முதல் அரை மணியில்தான். கூட்டம் கூட்டமாகத் தலைக்கு மேலேயே போகும்.

கரைமேல் நிமிர்ந்து நடந்தால் வானத்தின் பின்னணியில் உங்கள் உருவம் ஏரி முழுவதற்கும் தெரியும். ஏறியதும் தண்ணீர்ப் பக்கச் சரிவில் நான்கடி இறங்கி உட்காருங்கள், அல்லது ஒரு பனைமரத்தை ஒட்டி நில்லுங்கள். பத்து நிமிடம் அசையாதீர்கள். நீங்கள் வந்தபோது விலகிப் போன நாமக்கோழிகள் அந்த நேரத்துக்குள் திரும்பி வரும். வாத்துகள் கழுத்தை நீட்டி நிமிர்ந்தால், உள்ளான் மேய்வதை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கினால், நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அங்கேயே நில்லுங்கள். இன்னும் கிட்டே போக வேண்டுமென்றால் நேராகப் போகாமல் சாய்வாக, வேறெங்கோ போவதுபோல் நடந்து இடையிடையே நின்று போகலாம்.

முதல் பார்வை வெறுங்கண்ணால். எங்கே கூட்டம், எங்கே அசைவு என்று பிடிபட்ட பிறகு கருவி. இடமிருந்து வலமாக ஒரு முறை தூரக் கரையை, அடுத்து நீர்ப்பரப்பை, கடைசியாகக் கிட்டத்துச் சேற்று விளிம்பை மெதுவாக வருடுங்கள். கிட்டத்து விளிம்பைத்தான் பலரும் பார்க்காமல் விடுகிறார்கள். சிறிய பறவைகள் அங்கேதான் இருக்கும். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. முக்குளிப்பானும் பாம்புத்தாராவும் முதல் சுற்றின்போது தண்ணீருக்குள் இருந்திருக்கும்.

வாத்துகளுக்கு இது நல்ல காலம். நீலச்சிறகி ஆண் நவம்பரில் பெட்டையைப் போலவேதான் இருக்கும். பிப்ரவரி வாக்கில்தான் அதன் செம்பழுப்புத் தலையில் கண்ணுக்கு மேலிருந்து பிடரிவரை வளைந்து இறங்கும் வெள்ளைப் பட்டை துலங்கும். ஊசிவால் வாத்தின் சாக்லெட் நிறத் தலையும் கழுத்தில் ஏறும் வெள்ளைக் கோடும், தட்டைவாயனின் பச்சைத் தலையும் இப்போது குழப்பமில்லாமல் தெரியும். பெட்டைகளை அலகால் பிரியுங்கள்: தட்டைவாயனுக்கு அலகு தலையைவிட நீளம், நுனி கரண்டியாக விரிந்திருக்கும்.

மஞ்சள் வாலாட்டியும் அப்படித்தான். குளிர்காலத்தில் சாம்பலும் பழுப்புமாக இருந்த ஆண்கள் மார்ச்சில் அடிவயிறு மஞ்சளாகி, தலை சாம்பலாகவோ நீலமாகவோ கருப்பாகவோ மாறி நிற்கும். தலையின் நிறத்தைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். அதை வைத்துத்தான் உள்ளினம் பிரிக்கிறார்கள். மீசை ஆலாவின் வெள்ளை வயிறு திட்டுத்திட்டாகக் கறுத்துக்கொண்டிருக்கும். பாதி மாறிய பறவை எந்தப் புத்தகப் படத்தோடும் ஒத்துவராது. அதைப் பார்த்து ஏதோ அரிய இனம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

உள்ளான்களைப் பிரிப்பது

எல்லோரும் தடுமாறும் இடம் இது. சேற்றில் பழுப்பு நிறத்தில் ஏழெட்டு சின்னப் பறவைகள் ஓடும். எல்லாம் ஒன்றுபோல் தெரியும். நிறத்தை விட்டுவிடுங்கள். முதலில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். ஓடி, சட்டென்று நின்று, குனிந்து ஒரு கொத்து கொத்தி, மறுபடி ஓடினால் அது உப்புக்கொத்தி வகை. கண்ணால் இரை தேடுவது. தலையைக் கவிழ்த்து, நடந்தபடியே தையல் ஊசிபோல் சேற்றைக் குத்திக்கொண்டே போனால் உள்ளான் வகை. அலகு நுனியின் தொடு உணர்வால் தேடுவது.

உப்புக்கொத்திகளில் சேற்று ஏரியில் அதிகம் தென்படுவது பட்டாணி உப்புக்கொத்தி. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், மார்பில் முழுக் கருப்புப் பட்டை. இந்தக் காலத்தில் அந்த வளையம் பளிச்சென்று தடித்திருக்கும். பட்டை மார்பின் நடுவில் சேராமல் இரு பக்கமும் வெட்டுப்பட்டு நின்று, கால் கருமையாக இருந்தால் அது வேறு இனம். கடலோர உப்பளங்களில் மிகுதி.

உள்ளான்களில் மூன்றை மட்டும் இந்த வார இறுதிக்குள் கைவசப்படுத்திக்கொண்டால் போதும். சாதா உள்ளானுக்கு மார்பின் பழுப்புக்கும் இறக்கையின் முன்மடிப்புக்கும் நடுவே வெள்ளை ஒன்று ஆப்புபோல் மேலேறும். வாலும் பின்னுடலும் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும். பறக்கும்போது இறக்கையைக் கீழ்நோக்கி வளைத்து, விறைப்பாகச் சின்னச் சின்ன அடியாக அடித்து, தண்ணீரை ஒட்டியே போகும். அந்தப் பறத்தல் வேறு எதற்கும் கிடையாது. பொரி உள்ளானுக்கு முதுகெங்கும் வெள்ளைப் பொரிப்பொரியான புள்ளிகள், கண்ணுக்கு மேலே கண்ணைத் தாண்டி நீளும் தெளிவான வெள்ளைப் புருவம், மஞ்சள் சாயல் கால். எழும்போது ‘சிப் சிப் சிப்’ என்று மூன்று நான்கு கூரான ஒலிகள். பச்சை உள்ளான் முதுகு இன்னும் கருமை, புள்ளிகள் பொடி, புருவம் கண்ணோடு நின்றுவிடும். எழுந்தால் இறக்கையின் அடிப்புறம் கிட்டத்தட்டக் கறுப்பு, வாலடி (முதுகு வாலோடு சேரும் இடம்) பளீர் வெள்ளை. பெரும்பாலும் தனியாக, மதகு வாய்க்கால் போன்ற ஒதுக்குப்புறத்தில் நிற்கும். பொரி உள்ளானைத் திறந்த சேற்றிலும் அறுத்த வயலிலும் சிறு கூட்டமாகப் பார்க்கலாம்.

இவற்றைவிடப் பாதியளவு இருந்தால் கொசு உள்ளான். நீண்ட இளஞ்சிவப்புக் கால் என்றால் பவளக்கால் உள்ளான். அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள், எந்த ஏரியிலும் இருக்கும். பெயர் தெரியாத பறவைக்கு அலகு தலையின் நீளத்தைவிடக் குறைவா, சமமா, ஒன்றரை மடங்கா என்று முதலில் எழுதுங்கள்; பிறகு காலின் நிறம், பிறகு எழுந்தபோது இறக்கையில் வெள்ளைக் கோடு உண்டா, வாலடி என்ன நிறம். புத்தகத்தைத் திறப்பது அதற்கும் பிறகு. முதலிலேயே திறந்தால் படத்தில் இருப்பதையே பறவையிலும் பார்ப்பீர்கள்.

சேற்றுப் பூனைப்பருந்து ஏரிக்கு மேல் தாழப் பறந்து வந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் எழும். அதை நஷ்டமாக நினைக்க வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போது மறைந்திருக்கும் இறக்கைப் பட்டையும் வாலடியும் தெரிவது அந்த அரை நிமிடத்தில்தான்.

ஒன்பதரைக்கு மேல் சேற்றிலிருந்து சூடான காற்று எழும்பி உருவங்கள் நெளியத் தொடங்கும். முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பில் 60 மடங்கு வரை பெரிதாக்க முடிந்தாலும், அந்த நேரத்தில் முப்பதைத் தாண்டினால் நெளிவைத்தான் பெரிதாக்குவீர்கள். உருப்பெருக்கத்தைக் குறையுங்கள், அல்லது எழுந்து வீட்டுக்குப் போங்கள். இரண்டாவதுதான் எங்கள் பரிந்துரை.

எண்ணுதல்

பத்துப் பறவையை ஒன்றிரண்டாக எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவுத் துண்டை மீதிக் கூட்டத்தின்மேல் அடுத்தடுத்து வைத்துப் போங்கள். ஐந்நூறுக்கு மேல் இருந்தால் துண்டை ஐம்பதாக்குங்கள். பழக்கமில்லாதவர்கள் பெரிய கூட்டத்தை எப்போதும் குறைத்தே மதிப்பிடுவார்கள், எனவே இரண்டு முறை எண்ணிப் பாருங்கள். பறக்கும் கூட்டத்துக்கு ஒரு பனைமரத்தையோ மின்கம்பத்தையோ கோடாக வைத்து, அதைத் தாண்டுபவற்றை மட்டும் எண்ண வேண்டும். நாமக்கோழியை விட்டுவிட்டு அரிய பறவையை மட்டும் எண்ணுவது பயனில்லாத வேலை. ஏரியின் நிலை சாதாரணப் பறவைகளின் எண்ணிக்கையில்தான் தெரியும்.

இபேர்ட் செயலியில் பட்டியலைக் கரையில் கால் வைத்ததும் தொடங்குங்கள், கிளம்பும்போது முடியுங்கள். வீட்டிலிருந்து ஏரிவரை வண்டியில் வந்த தூரம் அதில் சேரக் கூடாது. இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. அடையாளம் தெரிந்த எல்லா இனங்களையும் பதிந்திருந்தால்தான் ‘முழுப் பட்டியல்’ என்று குறிக்க வேண்டும். எண்ணிக்கை தெரியாவிட்டால் எக்ஸ் போடலாம் என்றாலும், தோராயமான எண் அதைவிட எவ்வளவோ மேல். பிப்ரவரி நடுவில் நான்கு நாட்கள் உலகளவில் நடக்கும் கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுண்ட் என்ற பறவைக் கணக்கெடுப்பு உங்கள் வார இறுதியோடு ஒத்துவந்தால் அதே பட்டியல் அதிலும் சேர்ந்துவிடும். குறைந்தது பதினைந்து நிமிடம் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பத்து மணியிலிருந்து மூன்றரை வரை ஓய்வு. தூங்குங்கள். எழுந்ததும் காலைக் குறிப்பையும் போட்டோக்களையும் வைத்துத் தெரியாதவற்றைத் தேடுங்கள். வெள்ளைக் கொக்குகளின் படங்கள் வெளிறிப்போயிருந்தால் மாலையில் கேமராவின் வெளிச்ச அளவை முக்கால் படி குறைத்துக்கொள்ளுங்கள். பறக்கும் பறவைக்கு ஷட்டர் 1/1600க்குக் குறையக் கூடாது.

சனி மாலை: உள்வாய்ப் பக்கம்

நான்கு மணிக்கு ஏரியின் மறுபக்கம் போங்கள். தண்ணீர் பின்வாங்கிய தரையில் நடக்க வேண்டியிருக்கும். மேலே வெடித்துக் காய்ந்ததுபோல் தெரியும் சேறு உள்ளே கூழாக இருக்கும். மாட்டுக் குளம்பின் தடம் ஆழமாகப் பதிந்த இடத்தோடு நின்றுவிடுங்கள்.

காலடியையும் பார்த்து நடக்க வேண்டும். ஆள்காட்டியும் பட்டாணி உப்புக்கொத்தியும் இந்தக் காலத்தில் வெறுந்தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே, சின்னக் குழியில் முட்டையிடத் தொடங்கும். நான்கு முட்டை, மண் நிறம், புள்ளிபுள்ளியாக. மிதித்த பிறகுதான் தெரியும். ஆள்காட்டி தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். கூட்டைத் தேடாதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள். உங்கள் காலடித் தடத்தைப் பார்த்து நாயும் காகமும் வரும். தாய்ப்பறவை விலகி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை வெயிலில் வேகும்.

ஐந்தரை மணியிலிருந்து ஒரே இடத்தில் உட்காருங்கள். கொக்கும் நீர்க்காகமும் அரிவாள் மூக்கனும் அடைய வரும். வரிசையாக வருவதால் எண்ணுவது எளிது. சூறைக்குருவிகள் ஊரில் இருந்தால் நாணலிலோ சீமைக் கருவேலத்திலோ இறங்குமுன் ஒரே உடலாகச் சுழலும். வலசை கிளம்பும் உள்ளான்களும் அந்தி நேரத்தில்தான் புறப்படுகின்றன. மேயாமல் நின்று ஓயாமல் குரல் கொடுக்கும் கூட்டம் எழுந்து, ஏரியைச் சுற்றி மறுபடி இறங்காமல் உயர ஏறிப் போனால் நேரத்தையும் திசையையும் குறித்துவையுங்கள்.

இருட்டியதும் உடனே கிளம்பாமல் இன்னும் இருபது நிமிடம் இருங்கள். புள்ளி ஆந்தைகள் மரப்பொந்து வாசலில் சண்டை போடும். தரிசு நிலத்திலிருந்து இரவில் இரை தேடும் பக்கி என்ற பறவை குரல் கொடுக்கும். மண்பாதையில் உட்கார்ந்திருந்தால் வண்டி வெளிச்சத்தில் அதன் கண் மின்னும், மெதுவாக ஓட்டுங்கள். ஆந்தை முகத்தில் டார்ச் அடிக்க வேண்டாம்.

ஞாயிறு காலை: மரங்கள்

ஏரிக்குப் பக்கத்துத் தோப்பு, கோயில் காடு, பழைய கல்லூரி வளாகம், எதுவும் ஆகும். தேட வேண்டியது பறவையை அல்ல, பூத்த மரத்தை. முள்முருங்கையும் இலவும் புரசும் இலை உதிர்த்துவிட்டுப் பூத்து நிற்கும் காலம். இலை மறைக்காததால், தேனுக்கும் பூச்சிக்கும் வரும் ஒவ்வொரு பறவையும் வெட்டவெளியில் தெரியும். அப்படி ஒரு மரம் கிடைத்தால் சூரியனை முதுகுக்கு வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அதன் அடியிலிருந்து முப்பது நாற்பது அடி தள்ளி உட்காருங்கள். தேன்சிட்டு, மைனா, கரிச்சான், மாங்குயில், குக்குறுவான், சூறைக்குருவி என்று வரிசையாக வரும். சூறைக்குருவியின் இளஞ்சிவப்பு ஜனவரியில் அழுக்காகத் தெரிந்திருக்கும். இப்போது பளிச்சென்று இருப்பது புது இறகு முளைத்ததால் அல்ல, மங்கலான இறகு நுனிகள் தேய்ந்து அடி நிறம் வெளிப்பட்டதால்.

அதற்கும் முன்னால், விடியும் நேரத்தில், அடர் நிழலும் காய்ந்த சருகும் உள்ள இடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நில்லுங்கள். ஆறு மணியை ஒட்டி இரண்டு அசைச் சீழ்க்கை ஒன்று திரும்பத் திரும்பக் கேட்டால் அது ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் அந்த நேரத்தில்தான் அதிகம் கத்தும், அப்புறம் பகல் முழுக்க ஊமை. தரையில் சருகைப் புரட்டி இரை தேடும். குட்டை வாலை மெதுவாக மேலும் கீழும் ஆட்டும். குரல் வந்த பக்கம் நடந்தால் நகர்ந்துகொண்டே போய்விடும். தாழ உட்கார்ந்து, சருகின் சத்தத்தைக் கவனித்துக் காத்திருந்தால் அதுவே வெளியே வரும். ஏப்ரலில் வடக்கே போய்விடும்.

குயிலும் செம்மார்புக் குக்குறுவானும் இந்த வாரங்களில் குரலைக் கூட்டும். குரலை அடையாளம் காண மெர்லின் செயலி உதவும், ஆனால் அது காட்டும் பெயரைத் துப்பு என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கரிச்சான் வல்லூறின் குரலை அப்படியே பாவனை செய்யும். செயலி வல்லூறு என்றே சொல்லக்கூடும். கண்ணால் பார்க்காத, உங்கள் காதுக்கும் பழகாத பறவையைப் பட்டியலில் ஏற்ற வேண்டாம். அதே போனிலிருந்து குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் கூடாது. எல்லை காக்கும் ஆண் இல்லாத எதிரியைத் தேடி அலையும், கூடு கவனிப்பாரில்லாமல் கிடக்கும்.

ஒன்பது மணிக்கு மேல் தரை சூடேறிக் காற்று எழும்பத் தொடங்கும். இனி மரத்தை விட்டு வானத்தைப் பாருங்கள். கழுகுகளும் பருந்துகளும் வட்டமிட்டு ஏறும் நேரம். நிறத்தை நம்பாமல் இறக்கை நுனி விரிந்திருக்கிறதா கூராக இருக்கிறதா, வால் பிளந்ததா உருண்டதா என்று பாருங்கள்.

ஞாயிறு மாலை மறுபடி ஏரி

ஒரு மணி நேரம் போதும். சனி மாலை உட்கார்ந்த அதே இடத்தில், அதே நேரத்தில் அமர்ந்து அதே வரிசையில் எண்ணுங்கள். நேற்று இருந்த வாத்துக் கூட்டம் இன்று பாதியாக இருக்கலாம், நேற்று இல்லாத உள்ளான் வந்திறங்கியிருக்கலாம். இடம், நேரம், முறை மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் இந்த ஒப்பீடு செல்லும். எண்ணிக்கை சட்டென்று மாறியிருந்தால் காரணத்தையும் பாருங்கள்: மதகைத் திறந்துவிட்டார்களா, வலை போட்டிருக்கிறார்களா, நாய்க்கூட்டம் புகுந்திருக்கிறதா. அதைப் பட்டியலின் குறிப்புப் பகுதியில் எழுதிவிடுங்கள்.

வழக்கத்துக்கு மாறான பறவை எதையாவது பதிந்தால் ‘நன்றாகப் பார்த்தேன்’ என்று எழுதி அனுப்பாதீர்கள். இபேர்டில் பதிவுகளைச் சரிபார்ப்பவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. எவ்வளவு தூரத்தில், என்ன வெளிச்சத்தில், எந்த அடையாளத்தை வைத்து, அதைப் போன்ற எந்த இனம் ஏன் இல்லை என்று நான்கு வரி எழுதுங்கள். காலில் வளையமோ நிறக் கொடியோ உள்ள பறவை தென்பட்டால் எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, மேலிருந்து கீழாக நிறங்களின் வரிசை, எழுத்தும் எண்ணும் படிக்க முடிந்தால் அவை, எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே நோட்டில் குறித்து, மங்கலாக இருந்தாலும் ஒரு போட்டோ எடுத்து, தேதியோடும் இடத்தோடும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிவையுங்கள். இடக்கால் எது வலக்கால் எது என்பது பறவைக்கு உரியது, பார்க்கும் நமக்கு உரியதல்ல. எதிரே நிற்கும் பறவையில் இது அடிக்கடி மாறிப்போகிறது.